நாலு வருஷமாக விடிஎல் (மெய்நிகர் டேப் நூலகம்): டிஸ்க்கை டேப் என்று நம்பவைத்த கதை

எங்கள் அலுவலகத்தில் பதினோரு சர்வர், ஒரே ஒரு எல்டிஓ-5 டேப் டிரைவ் (எல்டிஓ என்பது டேப் வகை, 5 அதன் தலைமுறை). இரவு பத்து மணிக்குத் தொடங்கும் பேக்கப், மறுநாள் ஆட்கள் வேலைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவ் மெதுவானது இல்லை. எல்டிஓ-5 நொடிக்கு 140 எம்பி எழுதும். ஆனால் நெட்வொர்க் வழியாக, லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளாக வரும் தரவு அந்த வேகத்தில் வருவதில்லை. தீனி போதாவிட்டால் டேப் நிற்கும், கொஞ்சம் பின்னால் போகும், மறுபடி ஓடும். அந்த உறுமலைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், டேப்புக்கும் ஹெட்டுக்கும் ஆயுசு குறைகிற சத்தம் அது.

டிஸ்க்குக்கு நேரடியாகப் பேக்கப் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் வைத்திருக்கும் பேக்கப் மென்பொருளான பேக்குலாவில் அது சுலபம்தான். ஆனால் எங்கள் கால அட்டவணை, பூல் (டேப்புகளின் தொகுதி), பார்கோடு, எந்த டேப் எந்தப் பெட்டியில் என்ற பதிவேடு எல்லாமே டேப்பை நம்பி எழுதப்பட்டவை. அதையெல்லாம் கலைக்க மனசு வரவில்லை. அதனால் எம்ஹெச்விடிஎல் என்ற இலவச மென்பொருளை லினக்ஸில் போட்டேன். டிஸ்க்கில் இருக்கிற ஒரு அடைவை டேப் நூலகமாக, அதாவது டேப்புகளை அடுக்கிவைத்து டிரைவில் மாற்றிப் போடும் இயந்திரமாகக் காட்டும் வேலை அதனுடையது. பலரும் இதைச் சோதனைக்கூடத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். நான் அன்றாட வேலைக்கே வைத்தேன், நாலு வருஷம் ஓடிவிட்டது.

நிறுவுவது ஒரு மதிய வேலை. நூலகம் ஒன்று, டிரைவ் நாலு, ஸ்லாட் (டேப் வைக்கும் இடம்) நாற்பது என்று அமைப்புக் கோப்பில் எழுதிச் சேவையைத் தொடங்கினால், சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கஸி கட்டளையில், டேப்பை மாற்றிப் போடும் ஒரு சேஞ்சரும் நாலு டேப் டிரைவும் நிஜ வன்பொருள் மாதிரியே வரிசையாக நிற்கும். சேஞ்சரை இயக்கும் எம்டிஎக்ஸ் கட்டளை கொடுத்தால் மூன்றாம் ஸ்லாட் டேப் முதல் டிரைவுக்கு "ஏறும்". ஒரு கை, ஒரு மோட்டார் கிடையாது, ஆனால் நகர்ந்ததாக அறிக்கை வரும். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது.

பார்கோடு விஷயத்தில் முதல் நாளே தடுக்கி விழுந்தேன். டிரைவை எல்டிஓ-6 என்று அமைத்துவிட்டு, மாதிரிக் கோப்பில் இருந்த எல்4 என்று முடியும், அதாவது எல்டிஓ-4 டேப்பைக் குறிக்கும் பார்கோடுகளை அப்படியே விட்டுவிட்டேன். எல்டிஓ-6 டிரைவ் தனக்கு முந்தைய தலைமுறை டேப்பில் எழுதும், அதற்கும் முந்தையதைப் படிக்க மட்டும் செய்யும். மெய்நிகர் டிரைவும் அந்த விதியை மதித்து, எழுத மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் அனுமதிகளைத் தோண்டிய பிறகுதான் புரிந்தது.

அடுத்தது சாதனப் பெயர். நிஜ எல்டிஓ-5 டிரைவும் அதே சர்வரில்தான் மாட்டியிருந்தது. முதல் ரீபூட்டில் வரிசை மாறி, அதுவரை மெய்நிகர் டிரைவாக இருந்த என்எஸ்டி0 (லினக்ஸ் டேப் டிரைவுக்கு வைக்கும் பெயர்), நிஜ டிரைவாகிவிட்டது. சேஞ்சர் டேப்பை ஓரிடத்தில் ஏற்றிவிட்டது. பேக்குலா வேறு வாசலில் காத்திருந்தது. ஆகவே பேக்குலா அமைப்பில் என்எஸ்டி0, என்எஸ்டி1 என்று எழுதவே வேண்டாம். லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் தருகிற, சீரியல் எண் அடங்கிய நிலையான பெயரையே எழுதுங்கள். எழுதும்போது கடைசியில் 'எஸ்டி' என்று இல்லாமல் 'என்எஸ்டி' என்று முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 'என்' இல்லாத பெயர், சாதனத்தை மூடியதும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்து எழுதுவது முந்தியதன் தலையிலேயே போய் உட்காரும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த பெரிய தப்பு கொள்ளளவுக் கணக்கில். கையில் இருந்தது 12 டிபி. ஒரு டேப் 500 ஜிபி என்று நாற்பது டேப் உருவாக்கினேன். கூட்டினால் 20 டிபி. டேப் கோப்பு எழுத எழுதத்தான் வளரும், எல்லா டேப்பும் ஒரே நேரத்தில் நிறையாது, பழையது காலாவதியாகும்போது இடம் திரும்பக் கிடைக்கும் என்பது என் கணக்கு.

அந்தக் கடைசிப் பாதிதான் தப்பு. பேக்குலாவில் ஒரு டேப்பின் காலம் முடிந்தால், அதில் இருந்தவை கேட்டலாக்கில் (பேக்குலாவின் பதிவுப் பட்டியலில்) இருந்து நீங்கும், அவ்வளவே. டிஸ்க்கில் இருக்கிற 500 ஜிபி அசையாது. டேப் அப்படித்தான், மேலே எழுதினால்தான் பழையது போகும். அதோடு, எழுத வேறு டேப் காலியாக இருக்கும் வரை பேக்குலா பழைய டேப்பைத் தொடாது. முடிந்தவரை பழைய தரவைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் குணம். நிஜ டேப்பில் அது நல்ல குணம். என் டிஸ்க்கில், காலாவதியான டேப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்க, பேக்குலா புதுப்புது டேப்பாக எடுத்துக்கொண்டே போனது. ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளி இரவு டிஸ்க் நிறைந்தது. எழுத முடியவில்லை என்று பிழை வந்ததும் டேப் பழுது என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பேக்குலா அடுத்ததை ஏற்றியது. அதுவும் பழுது. காலையில் வந்து பார்த்தால் பிழை முத்திரையோடு ஒன்பது டேப். ஒன்றிலும் பழுது இல்லை.

திருத்தியது இப்படி: டேப்பை 100 ஜிபி ஆக்கி, எண்ணிக்கை நூறு என்று வைத்தேன். மொத்தம் 10 டிபி, டிஸ்க்கைத் தாண்டாது. சின்ன டேப்பில் இன்னொரு லாபம், அது சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் காலாவதியாகும். பெரிய டேப்பில் கடைசியாக எழுதிய ஒரு சின்ன ஜாப்புக்காக (ஒரு பேக்கப் வேலைக்காக) 500 ஜிபியும் காத்திருக்கும். அப்புறம் வாரம் ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். காலாவதியான டேப்பை ஏற்றி, தொடக்கத்துக்குச் சுற்றி, ஒரு முடிவுக் குறியை எழுதி, புதிதாக லேபிள் போடும். தொடக்கத்தில் முடிவுக் குறி விழுந்ததும் கோப்பு சுருங்கி, இடம் கைக்கு வரும்.

சுருக்கத்தையும் ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். நான் சர்வரில் ஜிஜிப், விடிஎல்லில் எல்ஸெட்ஓ என்று இரண்டு சுருக்க முறைகளையும் போட்டிருந்தேன். சுருங்கியதை மறுபடி சுருக்க முயன்று சிபியு சூடானதுதான் மிச்சம்.

எம்ஹெச்விடிஎல்லின் ஒரு பகுதி கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப்பகுதியோடு சேர்ந்து ஓடும் துண்டு), அது கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒரு முறை கெர்னலைப் புதுப்பித்து ரீபூட் செய்தேன், நூலகமே காணாமல் போயிற்று. மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ததும் டேப்புகள் பத்திரமாகவே இருந்தன. இப்போது அந்த வேலையை, புதுக் கெர்னலுக்கு மாட்யூலைத் தானாகவே கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் கெர்னல் புதுப்பிப்பைப் பேக்கப் இல்லாத பகல் நேரத்தில்தான் செய்கிறேன்.

பலன் என்று கேட்டால், நாலு டிரைவும் ஒரே நேரத்தில் ஓடுவதால் எல்லா ஜாப்பும் விடிகாலை மூன்றரைக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு கோப்பை மீட்டெடுக்கக் கேட்டால், முன்பு டேப் தேடிச் சுற்றியே இருபது நிமிடம் போகும். இப்போது தேநீர் வருவதற்குள் முடிகிறது.

இதையே ஒரே பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. ரூட் கடவுச்சொல் தெரிந்தவனுக்கு நூறு டேப்பும் ஒரே கட்டளையில் போகும். பெட்டிக்குள் வைத்த டேப்பை ரான்சம்வேர் தொட முடியாது, டிஸ்க்கில் இருக்கும் 'டேப்'பைத் தொடும். அதனால் சனிக்கிழமை தோறும் காப்பி ஜாப் மூலம் முழு பேக்கப்பை நிஜ எல்டிஓ-5 டேப்புக்கு மாற்றி, வேறு கட்டடத்து அலமாரியில் வைக்கிறோம். உள் டிஸ்க்கில் இருந்து வருவதால் தரவு தடையில்லாமல் பாய்கிறது. அந்தப் பழைய டிரைவ் இப்போது உறுமுவதில்லை, ஒரே சீராக ஓடுகிறது.