முகம் தெரியாதவர்களோடு இணைய மல்லுக்கட்டு: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

"அரசியல், டெக் கம்பெனி கேஸு, அன்றாடச் செய்தின்னு முகம் தெரியாதவங்களோட இத்தனை வருஷமா மல்லுக்கட்டுறியே, நானும் இறங்கலாமா? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவே?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கே வைக்கிறேன். யார் எப்படிக் கத்துவார்கள், யார் யாரை பிளாக் செய்வார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நீண்டநாள் புழங்கினால்தான் தெரியவரும் ஒரு எரிச்சல் இருக்கிறது. பேச்சு அதைப் பற்றித்தான்.

வசவு பெரிய விஷயமில்லை. ஆறு மாதத்தில் தோல் தடித்துவிடும். தடிக்கவே தடிக்காத இடம் ஒன்றுதான்: விஷயம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமலேயே இரண்டு தரப்பும் கட்டிப் புரள்வது. வழக்குப் போட்டாலே தீர்ப்பு வந்துவிட்டதாகப் பேசுவார்கள். மசோதா தாக்கலானால் சட்டமே வந்துவிட்டது என்பார்கள். கைதானவர் சாயங்காலத்துக்குள் குற்றவாளி ஆகிவிடுவார். கொள்கைச் சண்டை போலத் தெரியும் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் தேதிக் குழப்பம்.

கூகுள், ஆரக்கிள் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் இருந்த ஜாவா மொழியின் ஏபிஐயை, அதாவது நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதற்கான கட்டளைத் தொகுப்பை, கூகுள் ஆண்ட்ராய்டில் பயன்படுத்தியதற்காக 2010ல் ஆரக்கிள் வழக்குத் தொடர்ந்தது. 2012ல் கீழ்க்கோர்ட் நீதிபதி ஏபிஐக்குப் பதிப்புரிமை கிடையாது என்றார். 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2016ல் ஜூரி, அது நியாயமான பயன்பாடுதான், அதாவது அனுமதி கேட்காமலே எடுக்கச் சட்டம் இடம் தரும் வகைதான் என்று கூகுள் பக்கம் சாய்ந்தது. 2018ல் மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாக முடித்து வைத்தது. ஆக "கூகுள் தோற்றுவிட்டது" என்று 2015ல் எழுதியவரும் "ஜெயித்துவிட்டது" என்று 2017ல் எழுதியவரும் அன்றைய தேதிக்குப் பொய் சொல்லவில்லை. சண்டை எங்கே வரும் என்றால், ஒருவர் 2014 செய்தியின் லிங்கையும் இன்னொருவர் 2016 லிங்கையும் நீட்டிக்கொண்டு, இரண்டுமே இன்றைக்கும் செல்லும் என்று நம்பும்போதுதான்.

இதற்குள் இன்னொரு கண்ணி உண்டு. "ஏபிஐக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று கூகுள் ஆதரவாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. வாதத்துக்காகப் பதிப்புரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம், அப்படியிருந்தாலும் சுமார் 11,500 நிரல் வரிகளை எடுத்தது நியாயமான பயன்பாடு என்றுதான் சொன்னது. முதல் கேள்வியைத் தொடாமலே கடந்துபோனது. தீர்ப்பைத் திறந்து பார்க்காதவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

தமிழில் வாதாடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வினை. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை (பேட்டன்ட்), எழுதியதற்கான பதிப்புரிமை (காப்பிரைட்) இரண்டுக்கும் காப்புரிமை என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆப்பிள், சாம்சங் சண்டை பெரும்பாலும் காப்புரிமை பற்றியது. கூகுள், ஆரக்கிள் சண்டை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது பதிப்புரிமைக்காக. சட்டம் வேறு, காலக்கெடு வேறு, தற்காப்பு வாதமும் வேறு. அபராதமும் இழப்பீடும் இப்படித்தான் குழம்புகின்றன. 2023 மே மாதம் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு விதித்தது 120 கோடி யூரோ அபராதம். அது அரசுக்குப் போகும். ஆப்பிள் தொடர்ந்த வழக்கில் சாம்சங்குக்கு ஜூரி போட்டது இழப்பீடு. அது எதிராளிக்குப் போகும். தலைப்புகளில் இரண்டுமே "அபராதம்" என்று வருவதால், "அந்தப் பணம் மக்களுக்குத்தானே வரும்?" என்று ஒருவர் கேட்க, அதற்கே நாற்பது பதில் ஓடும்.

சாம்சங் என்றதும் லாரிக் கதை வந்தே தீரும். ஆப்பிளுக்குத் தர வேண்டிய நூறு கோடி டாலரை சாம்சங் முப்பது லாரிகளில் 5 சென்ட் நாணயங்களாக அனுப்பிவைத்தது என்று 2012ல் ஒரு நையாண்டிச் செய்தி கிளம்பியது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் போச்சு: ஒரு டாலருக்கு 20 நாணயம் என்றால் நூறு கோடி டாலருக்கு 2,000 கோடி நாணயம். அமெரிக்க 5 சென்ட் நாணயத்தின் எடை 5 கிராம். மொத்தம் ஒரு லட்சம் டன். முப்பது லாரி என்றால் ஒரு லாரிக்கு 3,333 டன். லாரிக்கு 25 டன் வீதம் ஏற்றினாலே 4,000 லாரி வேண்டும்.

ஆனால் எடையைவிடக் கட்டம்தான் அந்தக் கதையை முதலில் சாகடிக்கிறது. 2012 ஆகஸ்ட் 24 அன்று வந்தது ஜூரியின் முடிவு மட்டும். அன்றைக்குச் செலுத்த வேண்டிய பணம் என்று எதுவும் இல்லை. 2013 மார்ச்சில் நீதிபதியே அதில் சுமார் 45 கோடி டாலரை நீக்கி, அந்தப் பகுதிக்குப் புதிதாக விசாரிக்கச் சொன்னார். 2016 டிசம்பரில் இழப்பீட்டைக் கணக்கிட்ட முறை தவறு என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2018 மே மாதம் வேறொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதம் இரு கம்பெனிகளும் சமரசமாகப் போய்விட்டன. நூறு கோடி முழுசாக எந்த லாரியிலும் ஏறவே இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். பதில் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சொல்வது எந்தத் தேதி உத்தரவு?" பாதிச் சண்டை இங்கேயே அணைந்துவிடும். அணையாவிட்டால் மூல ஆவணத்துக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்கக் கூட்டாட்சி வழக்குகளுக்கு பேசர் என்ற அரசுத் தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு உச்சவரம்பு 3 டாலர், நீதிபதியின் தீர்ப்புரைகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் கோர்ட்லிசனர் என்ற தளத்தில் தேடுங்கள். பிரபல வழக்குகளின் ஆவணங்கள் பெரும்பாலும் அங்கே இலவசமாகவே கிடைத்துவிடும். வழக்கு எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கம்பெனி ஆப்பிள்மேல் போட்ட வழக்கின் எண் 4:20-சிவி-05640. 20 என்பது தொடரப்பட்ட ஆண்டு 2020, சிவி என்றால் சிவில். "ஆப்பிள்மேல் கிரிமினல் கேஸ்" என்று குதிப்பவருக்கு அந்த இரண்டு எழுத்தே பதில்.

அந்த வழக்கில் ஜெயித்தது யார் என்பது இன்னும் ஓயாத சண்டை. 2021 செப்டம்பர் தீர்ப்பு 185 பக்கம். எபிக் வைத்த பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிள் ஜெயித்தது. ஒப்பந்தத்தை மீறி, ஆப்பிளைத் தாண்டிப் பயனர்களிடம் நேரடியாக வசூலித்த 1,21,67,719 டாலரில் 30 சதவீதத்தை ஆப்பிளுக்குக் கொடு என்று எபிக்குக்கு உத்தரவு. மிச்சமிருந்த ஒன்றில், வெளியே பணம் கட்டும் வழியைப் பயனருக்குக் காட்டக்கூடாது என்ற ஆப்பிளின் விதி கலிபோர்னியா சட்டப்படி செல்லாது என்றானது. 2024 ஜனவரியில் இரு தரப்பு மனுக்களையும் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரலில், அந்த ஒரே உத்தரவை ஆப்பிள் வேண்டுமென்றே மீறியதாக அதே நீதிபதி கண்டறிந்தார். எண்ணிக்கைப்படி பார்த்தால் ஆப்பிள், விளைவைப் பார்த்தால் வேறு. எதை வைத்து அளக்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லாமல் இந்த வாதத்தில் இறங்குவது வெட்டி வேலை.

எதிராளியின் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பதில் எழுதுங்கள். பிறகு அவர் திருத்தினாலும் அழித்தாலும் உங்கள் பதில் அந்தரத்தில் தொங்காது. செய்தி லிங்க் என்றால், இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள். தலைப்புகள் சத்தமில்லாமல் மாறும். ஒரு பதிலுக்கு ஒரு கூற்று போதும். ஐந்தை வைத்தால் அதில் நோஞ்சானாக இருக்கும் ஒன்றை மட்டும் பிடித்து அடித்துவிட்டு மற்ற நான்கையும் தோற்கடித்ததாக நடப்பார்கள். அந்தப் பக்கமிருந்து ஐந்து வந்தால் நீங்களும் ஒன்றை மட்டும் எடுங்கள், ஆனால் எதிலே அவர் பலமாக நிற்கிறாரோ அதை. வேடிக்கை பார்ப்பவர்கள் கவனிப்பார்கள்.

எத்தனை சுற்று போகலாம்? கார்னெல் ஆய்வாளர்கள், மனம் மாறத் தயார் என்று சொல்பவர்கள் கூடும் ஒரு ரெட்டிட் பகுதியை ஆராய்ந்து 2016ல் கட்டுரை வெளியிட்டார்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் பேசுவது பலன் தருகிறது. ஐந்து சுற்றைத் தாண்டினால் மனம் மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. எதிராளியின் சொற்களையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் பேசியவர்களும், "இப்படியும் இருக்கலாம்" என்று கொஞ்சம் தளர்த்திப் பேசியவர்களும் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள். மாறத் தயார் என்று சொல்லிவிட்டு வந்தவர்களிடமே இதுதான் நிலவரம். மற்ற இடங்களில் நான்காவது பதிலோடு எழுந்துவிடுங்கள்.

ஆதாரம் காட்டினால் எதிராளி இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்ற பேச்சும் ஓரளவுக்குத்தான் சரி. 2010ல் வந்த ஓர் ஆய்விலிருந்து அது பரவியது. பின்னால் 52 விஷயங்களை வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது அந்த எதிர்விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. எண்ணைத் திருத்தினால் மக்கள் எண்ணை ஏற்றுக்கொள்கிறார்கள். ஓட்டு மாறுமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் அரசியல் வாதங்களில் எண்ணையும் கட்டத்தையும் தவிர வேறு எதற்கும் வாய் திறப்பதில் பிரயோஜனம் இல்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி "2016ல் வந்தது", "இல்லை, 2018ல்" என்று சண்டை போட்டால் இரண்டுமே சரி: நிறைவேறியது 2016 ஏப்ரல், அமலானது 2018 மே 25. வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால், "ஒரு சதவீதம் கூடியது" என்பவரும் "25 சதவீதம் கூடியது" என்பவரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் சதவீதப் புள்ளி என்று சொல்லியிருக்க வேண்டும். இதைத் தாண்டித் தலைவர், கட்சி என்று போனால் திரும்பி வருவது கஷ்டம்.

அண்மைக்காலத் தொல்லை, ஏஐ எழுதிக்கொடுத்த பதில்கள். வழக்குப் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், வழக்குதான் இருக்காது. 2023ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் இங்கே கேட்கவா வேண்டும்? வழக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் "இந்த எண்ணில் வழக்கு கிடைக்கவில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வாதாடினால் நீங்கள் வாதாடுவது இயந்திரத்தோடு.

நல்லதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வேறு எந்தத் தூண்டுதலும் ஒரு மனுஷனை 185 பக்கத் தீர்ப்பைப் படிக்க வைக்காது. அபூர்வமாக எதிராளி அந்தப் பக்கத்தையே திறந்து படித்துவிட்டு, "அட, அடிக்குறிப்பை நான் பார்க்கவில்லை, நீங்களும் அடுத்த பத்தியைப் பார்க்கவில்லை" என்று எழுதுவார். அவர் சொல்வதும் சரியாக இருக்கும். அந்த மாதிரி ஒரு பதிலுக்காக நூறு வசவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் கேட்டீர்கள். தொழில்நுட்ப வழக்குகளுக்கு ஐந்துக்கு நான்கு, அன்றாடச் செய்திக்கு மூன்று, அரசியலுக்கு ஒன்று. சராசரி எடுத்தால் இரண்டரைக்கு மேலே வரும். இரண்டுதான் தருகிறேன், நீங்கள் இறங்கவும் வேண்டாம். கூகுளின் தேடல் ஏகபோகத்துக்கு எதிராக அமெரிக்க அரசு போட்ட வழக்கில், 2025 செப்டம்பரில் குரோம் பிரவுசரை விற்கத் தேவையில்லை என்று நீதிபதி எழுதிய பிறகும், "கூகுளிடமிருந்து குரோமைப் பிடுங்கிட்டாங்க" என்பவருக்கு அரசு கேட்டது வேறு, கோர்ட் கொடுத்தது வேறு என்று விளக்க வேண்டியிருக்கிறது. அதை முடித்துத் தலையை நிமிர்த்தினால் அந்த முப்பது லாரி மறுபடி வந்து நிற்கிறது, இந்த முறை புதுப் படத்தோடு.