மருந்தோடு சோறும்: கடில்ஸ் அறக்கட்டளையின் ஊட்டச்சத்துச் சேவை

மும்பையில் 2013-இல் பூர்ணோதா தத்தா பால் தொடங்கிய கடில்ஸ் அறக்கட்டளை, ஏழைக் குழந்தைகள் நாடிவரும் புற்றுநோய் மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து நிபுணர்களை அமர்த்துகிறது. வயிற்றுக் கட்டியின் கனம் எடைக்கருவியை ஏமாற்றிவிடும் என்பதால், மெலிவை அறிய மேல்கையின் சுற்றளவையும் அளப்பது இத்துறையின் பாலபாடம். அதைச் செய்வதோடு, வாய்ப்புண்ணாலும் குமட்டலாலும் உணவை ஒதுக்கும் பிள்ளைக்கு எது தொண்டையில் இறங்கும் என்று தாயோடு அமர்ந்து பேசவும் ஒருவர் வார்டிலேயே இருப்பதுதான் இச்சேவையின் பெரும்பலம் என்பேன். சத்துணவோடு குடும்பத்துக்கு மளிகைப் பொருள்களும் வழங்குவது நடைமுறை அறிந்த ஏற்பாடு. மற்ற பிள்ளைகள் பசித்திருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் எந்தத் தாய் ஊட்டுவாள்? எனினும், பெருநகர மருத்துவமனைகளைச் சார்ந்தே இயங்கும் எந்த ஏற்பாடும், சிகிச்சைக்கு இடையே தொலைதூரக் கிராமத்துக்குத் திரும்பும் குழந்தையை அதே நெருக்கத்தோடு கவனிப்பது கடினம்.