ரீப்பர்: பழைய லேப்டாப்ல பஜனைப் பாட்டு ரெக்கார்ட் பண்ண ஏத்த சாஃப்ட்வேர்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கமெல்லாம் கார்த்திகை பொறக்கறதுக்கு முன்னாடியே பஜனைக் குழுக்காரங்க சொந்தமா ஒரு ஐயப்பன் பாட்டாவது ரெக்கார்ட் பண்ணி யூட்யூப்ல போட்றணும்னு நினைக்காங்க, ஆனா அதுக்காக தென்காசிக்கோ புனலூருக்கோ ஸ்டுடியோ தேடிப் போயி மணிக்கணக்குக்கு வாடகை குடுக்க எல்லாராலயும் முடியாது. வீட்லயே பண்ண எந்த சாஃப்ட்வேர் போடலாம்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ரீப்பர்தான்.

நம்ம வேலை என்னன்னு மொதல்ல பாருங்க. ஒருத்தர் பாடுவாரு, நாலு பேரு சரணம் சொல்லுவாங்க, ஆர்மோனியம், கஞ்சிரா, ஜால்ரா, உடுக்கு, சில சமயம் புனலூர்லேர்ந்து செண்டைக்காரங்களும் வருவாங்க. அப்போ நமக்கு முக்கியம் மைக்ல வர்ற சத்தத்த தனித்தனி ட்ராக்ல, அதாவது ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனி வரிசையா, சுத்தமா பிடிக்கறதுதான், பீட் போடறது இல்ல. பசங்க எல்லாம் எஃப்எல் ஸ்டுடியோன்னு சொல்லுவாங்க, அது பீட் போட அருமையான சாஃப்ட்வேர், ஆனா அதுல விலை கம்மியான ஃப்ரூட்டி எடிஷன்ல மைக் ரெக்கார்டிங்கே கிடையாது, அதுக்கு மேல உள்ள ப்ரொட்யூசர் எடிஷன் வாங்கணும், இத தெரிஞ்சுக்காம காசு குடுத்துறாதீங்க. ஆடாசிட்டி ஃப்ரீ, ஒரே ஆளு ஒரே மைக்ல பாடி லேசா வெட்டி ஒட்டணும்னா அதுவே போதும். மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க கராஜ்பேண்ட்ங்கற சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம். விண்டோஸ் லேப்டாப், அதுவும் பழசு, ட்ராக்கும் நிறைய வேணும்னா ரீப்பர்.

இத பண்ணது காக்கோஸ்னு ஒரு சின்ன கம்பெனி, ஒரு காலத்துல நாமெல்லாம் பாட்டு கேட்ட வினாம்ப் உருவாக்குன ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதுக்கும் பின்னாடி இருக்காரு. டவுன்லோடு 20 எம்பி கூட வராது. 60 நாள் எல்லா வசதியோடயும் ஃப்ரீயா ஓட்டிப் பாக்கலாம், எதையும் பூட்டி வைக்கல. அப்புறம் லைசென்ஸ் 60 டாலர், சொந்த உபயோகத்துக்கோ இல்ல இதுல வருஷ வருமானம் 20,000 டாலருக்குள்ள இருக்கவங்களுக்கோ இந்த ரேட்டு, அதுக்கு மேலன்னா 225 டாலர். 60 நாள் முடிஞ்சாலும் திறக்கும்போது ஞாபகப்படுத்திட்டு ஓடத்தான் செய்யும், ஆனா தயவு செஞ்சு காசு குடுத்து வாங்குங்க, இவ்வளவு நேர்மையா விக்கறவங்களுக்கு நாமளும் நேர்மையா இருக்கணும். 7ஆம் வெர்ஷன்ல வாங்குனா 8.99 வரைக்கும் அப்டேட் அதே காசுல கிடைக்கும். கார்டுல இன்டர்நேஷனல் பேமெண்ட் ஆன் பண்ணிக்கோங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டேக் வசதி, ஒரே வரிய ஒவ்வொரு தடவ பாடிப் பதியறதையும் ஒரு டேக்னு சொல்லுவாங்க. பாடறவரு பல்லவிய மூணு தடவ பாடுவாரு, ஒண்ணுல சுருதி சுத்தமா இருக்கும், இன்னொண்ணுல பாவம் நல்லா இருக்கும், ரீப்பர்ல எதையும் அழிக்காம எல்லாமே ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும், எந்த வரி எதுல நல்லாருக்கோ அத மட்டும் தேர்ந்தெடுத்து சேத்துக்கலாம், எஸ் கீய அமுக்குனா அந்த எடத்துல வெட்டும். வயசான பாடகர்கிட்ட "அண்ணாச்சி, அந்த ஒரு வரிய மட்டும் திருப்பிப் பாடிருங்க"ன்னு சொன்னா போதும், முழுப் பாட்டையும் மறுபடி பாட வச்சு தொண்டையக் கெடுக்க வேண்டாம்.

தாளத்துக்கும் நல்லா ஒத்து வருது. தாளம் தவறாம இருக்க டிக் டிக்னு தட்டிக்கிட்டே இருக்கற மெட்ரோனோம்ல 4 அடி மட்டும்தான்னு இல்ல, மிஸ்ர சாப்புக்கு 7, கண்ட சாப்புக்கு 5ன்னு வச்சு எந்த அடி அழுத்தமா விழணும்ங்கறதையும் நாமளே குறிக்கலாம், 3ம் 4மா பிரிச்சு தட்டுனா கஞ்சிராக்காரரு உடனே பிடிச்சுக்குவாரு. அஞ்சு கட்டைல பாடுனது அஞ்சரைல இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சுன்னா அந்தத் துண்ட செலக்ட் பண்ணி ஷிஃப்ட்டும் 0ம் அமுக்குனா அரைக் கட்டை ஏறும், ஷிஃப்ட்டும் 9ம் அமுக்குனா இறங்கும். அதுக்கு மேல ஏத்துனா குரல் செயற்கையா ஆயிரும்.

சத்தம்தான் நம்ம ஊரோட பெரிய பிரச்சனை. ஆனி ஆடி சாரலும் சரி ஐப்பசி மழையும் சரி, தகர ஷீட்ல விழுந்தா மைக்குக்குள்ள அதுதான் மொதல்ல போகும். ரீப்பரோட வர்ற ரியாஃபிர்ங்கற ப்ளகின்ல (ப்ளகின்னா சாஃப்ட்வேருக்குள்ள சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர்) சப்ட்ராக்ட் மோடுன்னு ஒண்ணு உண்டு, பாடாத எடத்துல கொஞ்ச நேரம் ஓடவிட்டு அந்த இரைச்சல பழக்கிட்டா அத மட்டும் கழிச்சுரும், ஃபேன் சத்தம், லேப்டாப் இரைச்சல் மாதிரி ஒரே சீரா வர்றதுக்கு நல்லா வேலை செய்யும். மழைத்துளி சத்தம் மாறிக்கிட்டே இருக்கும், அதுக்கு இது சரிப்படாது, மழை நிக்கற வரைக்கும் காத்திருக்கறதுதான் வழி.

பாடும்போது ஹெட்ஃபோன்ல சொந்தக் குரலு லேட்டா கேக்குதுன்னா ஆடியோ செட்டிங்ல பஃபர பாருங்க, கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்த சேத்து வச்சு அனுப்புதுங்கற அளவுதான் அது, 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 1024ன்னா சுமார் 23 மில்லி செகண்ட், 256ன்னா 6 மில்லி செகண்ட் பக்கம், போக வர இது ரெண்டு மடங்கு ஆகும். ரெக்கார்டிங்குக்கு 256 வச்சுட்டு அப்புறம் எல்லா ட்ராக்கையும் அளவா கலக்கற மிக்சிங் பண்ணும்போது ஏத்திக்கோங்க. ரெக்கார்டிங் செட்டிங்ல 24 பிட்டுன்னு வச்சு, சத்தத்தக் காட்டற மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி வைங்க, ஏன்னா உடுக்கும் செண்டையும் திடீர்னு எகிறும்.

குறை இல்லாம இல்ல. இசைக்கருவி சத்தம் எதுவும் பெருசா கூட வராது, தம்புரா, வயலின் எல்லாம் வெளிலேர்ந்து ப்ளகினா தேடிப் போடணும். மெனு அவ்வளவு இருக்கு, பழக்கமில்லாதவங்களுக்கு மொதல் வாரம் தலை சுத்தும். முன்ன பின்ன சாஃப்ட்வேரே தொடாத ஒருத்தரு நாளைக்கே பாட்டு வேணும்னா இத நான் சொல்ல மாட்டேன், ஃபோன்ல பேண்ட்லேப்ங்கற ஆப்ப போட்டுக்கட்டும்.

இறக்கணும்னா ரீப்பர் டாட் எஃப்எம் (reaper.fm) சைட்ல மட்டும் இறக்குங்க. திறந்ததும் ஒரு வரி கூட பாடறதுக்கு முன்னாடி கண்ட்ரோல் எஸ் அமுக்கி பாட்டு பேருல தனி ஃபோல்டர் போட்டு சேவ் பண்ணிருங்க, ஆட்டோ சேவும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க வச்சுருங்க, கரண்ட் போனாலும் கடைசியா சேவ் ஆனது வரைக்கும் பண்ண வேலை அங்கேயே இருக்கும்.