ஆர்ஜி 213 என்று விற்கப்படும் போலி கேபிள்: ஆன்டெனா கட்டுபவர்கள் கவனிக்கவும்

சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் 30 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக், அதன் மேல் உலோக வலை உள்ள, ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) வாங்கினேன். மேலுறையில் ஆர்ஜி 213 என்று, தடிமனான செம்புக் கேபிள் ரகத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. வாங்கிய விலையும் அசலுக்கான விலைதான். உள்ளே இருப்பது வேறு சரக்கு. வீட்டிலேயே ஆன்டெனா கட்டும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள், முக்கியமாக இப்போதுதான் லைசென்ஸ் கைக்கு வந்தவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நான் கட்டியது 2 மீட்டர் பேண்டுக்கான (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) சாதாரண கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா. நடுவில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பித்தளைக் கம்பி, கீழே சாய்வாக நான்கு கம்பிகள். நடுக்கம்பியைச் சிறிது சிறிதாக வெட்டி 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் கிட்டத்தட்ட 3 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் (1-ஐ நெருங்கினால் நல்லது, கூடினால் மோசம்) அது பளிச்சென்று தெரிய வேண்டும். எனக்கோ வெட்டும் முன்பும் 1.2, வெட்டிய பின்பும் 1.2. மீட்டர் காட்டியது அருமையான அளவு. ஆனால் ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) என் குரல் இரைச்சலுக்குள் முங்கிக் கிடந்தது.

சந்தேகப்பட்டு மொட்டை மாடியில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, கேபிள் முனையை வெறுமனே விட்டு அளந்தேன். 1.7! ஆன்டெனாவே இல்லாதபோது அலை முழுவதும் திரும்பி வரும், இவ்வளவு குறைந்த அளவு வரக் கூடாது. அசல் ஆர்ஜி 213 இதே நீளத்துக்கு 3-க்கு மேல் காட்டும். 1.7 என்றால் ஒரு வழிக்கு 6 டெசிபெல் இழப்பு. 5 வாட் விட்டால் மேலே போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். திரும்பி வரும் அலையையும் கேபிளே தின்றுவிடுவதால்தான் மீட்டர் எப்போதும் நல்லபடியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் உறையைச் சீவிப் பார்த்தேன். நடுக்கம்பியைச் சுற்றிய பிளாஸ்டிக்கின் மேல் வலைப்பின்னல் என்று பெயருக்கு ஏதோ சில இழைகள், இடைவெளியில் வெள்ளை பிளாஸ்டிக் அப்படியே தெரிகிறது. கனெக்டரில் பற்றவைக்கப் போனால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. அத்தனையும் அலுமினியம். கேபிளின் நடுக்கம்பியை பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் அதுவும் வெள்ளை.

கடைக்காரர் சொன்ன பதில்: "சார், ஹை ஃபிரீக்வென்சி மேல்தோல்லதான் ஓடும், செம்பு பூச்சு போதும்." நடுக்கம்பிக்கு அது சரிதான், மறுக்கவில்லை. வலையில் பாதி இல்லாததற்கு அது எப்படிப் பதிலாகும்? செம்பு என்று காசு வாங்கிவிட்டு அலுமினியம் கொடுத்ததற்கு? வெட்டிய கேபிளைத் திரும்ப எடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார். பில்லில் வெறும் 'கேபிள்' என்றுதான் எழுதியிருக்கிறது, அதனால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது கையில் பிடிமானம் இல்லை.

அந்தத் தெருவில் நேர்மையான கடைகளும் இருக்கின்றன. வெட்டும் முன் முனையைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். அசலின் நடுக்கம்பியில் ஏழு செம்பு இழைகள் இருக்கும், வலைக்குள் பிளாஸ்டிக் அநேகமாகத் தெரியாது. எடை போட முடிந்தால் இன்னும் நல்லது: 30 மீட்டர் நாலரை கிலோவை ஒட்டி வரும். பில்லில் ஆர்ஜி 213, செம்பு, நீளம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.