பழைய டீசல் எல்200க்கு ஆல்டர்னேட்டர்: பிரஷ்ஷா, ரீகானா, ஹாஃப்-கட்டா, புதுசா?

என் மிட்சுபிஷி எல்200 இரட்டைக் கேபின் 2008ல் பதிவானது. சரக்கு வாகனம் என்பதால் சிங்கப்பூரில் அதற்கு 20 வருடம்தான் ஆயுள். எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும் 2028ல் கழித்துக் கட்ட வேண்டியதுதான். அதனால் எந்தப் பாகத்தை மாற்றப் போனாலும் இது எத்தனை வருடம் உழைக்கும் என்பதோடு, வண்டிக்கே எத்தனை வருடம் மிச்சம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போனபோது இந்தக் கணக்கை மட்டும்தான் போட்டேன். அது பாதிக் கணக்கு என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

தீவு விரைவுச்சாலையில் நல்ல மழை. விளக்கு, வைப்பர், ஏர்கான் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்தது. முழுதாகவும் எரியவில்லை, அணையவும் இல்லை. மறுநாள் புது பேட்டரி போட்டேன். காசுதான் போனது. முதலில் எடுத்திருக்க வேண்டியது மீட்டர். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுமின்னோட்டம்) மாற்றிப் பார்த்து அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால், உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையில் நல்ல வோல்ட் இருந்து பேட்டரியில் மட்டும் குறைந்தால் குற்றவாளி வயர். ஆல்டர்னேட்டரைக் கழற்றவே வேண்டாம்.

இதெல்லாம் எந்த வண்டிக்கும் பொது. நம் பழைய டீசல்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினில், பெடலை மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலேயே கிடைத்துவிடும். பழைய டீசலில் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். என் எல்200ல் இருக்கும் மிட்சுபிஷி 4டி56, இசுசு 4ஜேபி1, நிசான் டிடி27 போன்ற எஞ்சின்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்து அதே தண்டில் சுற்றுகிறது. எஞ்சின் ஆயில் ஒரு மெல்லிய குழாயில் உள்ளே போய், தடித்த ரப்பர் ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். ஆக, நாம் வாங்கப் போவது மின்சாரம் தரும் பெட்டியை மட்டுமல்ல. பிரேக்கில் பாதியையும் சேர்த்துத்தான். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 300டிடிஐ வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்குப் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் தனியாக இருக்கிறது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் மலிவு, உள்ளே தேய்ந்ததை மட்டும் மாற்றுவது: கார்பன் பிரஷ், தேவைப்பட்டால் ரெகுலேட்டர், இரண்டு பேரிங். காக்கி புக்கிட்டில் வயரிங் பார்க்கும் தம்பி ஒருவர் அரை நாளில் முடித்துக் கொடுத்தார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். பிரஷ்ஷைக் கையில் வைத்துக் காட்டினார், நகத்தளவுதான் மிச்சம். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "அண்ணே, பின்னாடி ஆயில் ஈரமா இருக்கு, பம்ப் சீலையும் பாத்துருவோமா?" இன்னும் இரண்டு மூன்று வருடமே ஓடப் போகும் வண்டிக்கு எதற்கு என்று நான்தான் தலையாட்டி மறுத்தேன்.

எட்டு மாதத்தில் அதே மங்கலான விளக்கு. திறந்தால் புது பிரஷ் கருப்புக் களிம்பில் ஊறிக் கிடந்தது. சீல் வழியாகக் கசிந்த ஆயிலும் பிரஷ் தூளும் சேர்ந்த களிம்பு அது. தேய்ந்து போன ஆல்டர்னேட்டருக்குப் பிரஷ் மாற்றுவது அருமையான வழி. ஆயில் குடித்துச் செத்த ஆல்டர்னேட்டருக்கு அது வெறும் ஒத்திவைப்பு. முதுகு காய்ந்திருந்து, பிரஷ் உரசும் செம்பு வளையங்களில் பள்ளம் விழாமல் இருந்தால் இன்றைக்கும் இதையே முதலில் சொல்வேன்.

அடுத்தது ரீகான்: பழையதைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த ஒன்றை வாங்கிக்கொள்வது. இதில் மணலடித்து வெள்ளிப் பெயிண்ட் பூசியதும் ரீகான்தான், உண்மையாகப் பிரித்துக் கோர்த்ததும் ரீகான்தான். கண்ணால் பார்த்தால் இரண்டும் தங்கமாக மின்னும். என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்: பேரிங், பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தட்டு, பம்ப்பின் சீல், உள்ளே சுற்றும் தகடுகள். பம்ப்பைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அடுத்த கடைக்கு நடங்கள். பெஞ்சில் வைத்து லோடு கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் 14 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை. ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டர்கூடக் காட்டும்.

ஜொகூர் பாருவில், பழைய வண்டிகளைப் பாதியாக வெட்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் கிடைப்பது பழைய வண்டியிலிருந்து அப்படியே கழற்றிய ஒரிஜினல். விலை கேட்டால் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, அதன் சீலும் நம் சீலைப் போலவே கிழடு. தொந்தரவு கொடுத்தால் திரும்பவும் எல்லைப் பாலத்தில் நிற்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். லாபத்தில் கொஞ்சம் அங்கேயே கரையும். பம்ப் தனியாக இருக்கும் வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். என் எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம்.

புதியதிலும் இரண்டு உண்டு. பெயர் தெரியாத புதுசு பம்ப்போடு சேர்ந்தே வருகிறது, சீலும் புதுசு என்பதால் ஏனோதானோ ரீகானை விட மேல். பிரச்சினை பொருத்தத்தில்தான். பிளக்கில் எத்தனை முள், புல்லியில் எத்தனை பள்ளம், ஆயில் குழாய் எந்தப் பக்கம் என்று பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய லேண்ட் குரூசர்களில் 24 வோல்ட் வண்டியும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம். ஒரிஜினல் புதுசு குறை சொல்ல முடியாதது, விலையைத் தவிர. இன்னும் ஏழெட்டு வருடம் ஓடப் போகும் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்குவேன்.

கூடுதல் ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வின்ச், குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி என்று காட்டுக்குள் போகிறவர்களுக்கு அது. காக்கி புக்கிட்டுக்கும் துவாஸுக்கும் இடையில் ஓடும் வண்டிக்கு எதற்கு?

கடைசியில் நான் போட்டது ரீகான், ஆனால் பம்ப் முழுதும் புதிது. பில்லில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கிறது. பொருத்தியபோது ஆயில் குழாயின் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடச் சொன்னேன். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப்பின் வாயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றினார் தம்பி. இல்லையென்றால் எஞ்சினிலிருந்து ஆயில் வந்து சேரும்வரை தகடுகள் வறண்டு உரசும். அப்புறம் எஞ்சின் ஓடாமலே பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி, கல்லாக இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. பம்ப் வெற்றிடம் தருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்தார்.