எஸ் வரிசைக் கோப்பும் ஓர் இடக்கைக் கையெழுத்தும்: டென்னசி ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள்

நான் கை மறுவாழ்வு சிகிச்சை அளிப்பவள். பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் வேலை. முறிந்த மணிக்கட்டு, அறுந்த தசைநார், மடங்க மறுக்கும் விரல் என்று நாள் முழுவதும் கைகளோடுதான் என் பேச்சு. என்னிடம் வரும் முதியவர் ஒருவர் சென்ற மாதம் நான்கு தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையில் சிப்பாயாக இருந்து, குண்டடிபட்டு, பிற்காலத்தில் டென்னசி அரசிடம் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுவின் நகல் அது. "இதில் வைத்தியர் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் அல்லவா?" என்று கேட்டார்.

வைத்தியர் எழுதியது புரிந்தது. ஆனால் தாள்கள் போதவில்லை. மனு முதலில் நிராகரிக்கப்பட்டது என்று மேலே ஒரு குறிப்பு இருந்தது. பின்னர் ஏற்கப்பட்டது என்று இன்னொரு குறிப்பு. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லும் ஒரு வரியும் இல்லை. மூதாதையர் ஆவணங்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு கட்டண இணையச் சேவையில் அவர் அதை வாங்கியிருந்தார். "முழுக் கோப்பு" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு அவருடைய குடும்பக் கதையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விற்றுவிட்டு, நடுப்பக்கங்கள் இருப்பதையே சொல்லாமல் விடுவது நேர்மையான வியாபாரம் ஆகாது. அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் பூஜ்யம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது டென்னசி மாநில நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தைப் பற்றித்தான். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். பைசென்டெனியல் பூங்காவை ஒட்டி 2021இல் திறந்த புதிய கட்டடம். பழைய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் எடுத்துத் தர இயந்திரக் கை பொருத்திய கிடங்கு இருக்கிறது. நாங்கள் கேட்டதற்கு அது தேவைப்படவில்லை. ஓய்வூதிய மனுக்கள் மைக்ரோபிலிம் சுருள்களில் இருக்கின்றன. சிப்பாய்களின் மனுக்களுக்கு எஸ், விதவைகளின் மனுக்களுக்கு டபிள்யூ, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கறுப்பின ஆண்கள் கொடுத்த மனுக்களுக்கு சி என்று எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். பெயர்ப் பட்டியலைக் காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். எங்களுக்கு உதவிய பெண், முதியவரின் கைக்கட்டைப் பார்த்தவுடன் தானே சுருளை மாட்டி, அவர் உட்கார்ந்தபடி படிக்கும் உயரத்துக்குத் திரையையும் சாய்த்துக் கொடுத்தார். கேட்காமலே செய்தார்.

கோப்பு எத்தனை பக்கம் தெரியுமா? முப்பத்தொன்று.

படித்ததைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஓய்வூதியத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பக்கம் போரிட்டு ஊனமடைந்த யூனியன் வீரர்களுக்கு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசே ஓய்வூதியம் கொடுத்தது. கான்ஃபெடரேட் வீரர்கள் அந்த அரசை எதிர்த்துப் போரிட்டவர்கள்; அவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் எந்த அரசுக்காகப் போரிட்டார்களோ அது 1865இல் இல்லாமல் போய்விட்டது. எனவே தென்மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் கஜானாவிலிருந்து கொடுக்கத் தொடங்கின. வட கரோலினா 1866லேயே செயற்கைக் கால்கள் செய்து கொடுக்க ஏற்பாடு செய்தது. வேண்டாம் என்றவர்களுக்குக் காலுக்கு 70 டாலர், கைக்கு 50 டாலர். ஓய்வூதியச் சட்டங்கள் பிறகுதான் வந்தன: வர்ஜீனியாவில் 1888, டென்னசியில் 1891, டெக்சாஸில் 1899, கென்டக்கியில் 1912. தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீரர் எந்த மாநிலப் படையில் இருந்தார் என்பதை விட, முதுமையில் எந்த மாநிலத்தில் வசித்தார் என்பதே முக்கியம். மனுவை அங்கேதான் கொடுத்திருப்பார். டென்னசிக்காரர்கள் பலர் போருக்குப் பின் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களை நாஷ்வில்லில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இனி கோப்பு. முதல் மனு 1892இல். அச்சிட்ட வினாத்தாள், அதில் மையால் எழுதிய பதில்கள். எந்த ஆண்டு, எந்தக் கவுண்டியில் பிறந்தீர்கள்? எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தீர்கள்? எந்தப் போரில் காயம்பட்டீர்கள், காயத்தின் துல்லியமான தன்மை என்ன? எந்த வைத்தியர் பார்த்தார்? படையிலிருந்து எப்படி வெளியேறினீர்கள்? அமெரிக்க அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தீர்களா, எடுத்தீர்கள் என்றால் எப்போது, எந்தச் சூழ்நிலையில்? உங்கள் சொத்து என்ன, அதன் ரொக்க மதிப்பு என்ன? கடந்த ஐந்தாண்டுகள் எப்படிப் பிழைத்தீர்கள்? மது அருந்துவீர்களா?

நான் தினமும் இயலாமைச் சான்றுப் படிவங்களை நிரப்புகிறவள். விரல் எத்தனை பாகை மடங்குகிறது, பிடியில் எத்தனை பவுண்டு வலு என்று எண்களாக எழுதுவேன். இந்தப் படிவம் கையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மீதியெல்லாம் மனிதனைப் பற்றிக் கேட்கிறது. காயம் உண்மையா என்பதோடு ஏழையா, ஒழுக்கமானவனா, கடைசிவரை படையை விட்டு ஓடாமல் இருந்தானா என்பதும் தெரிய வேண்டியிருந்தது நாஷ்வில்லில் இருந்த ஓய்வூதியப் பரிசீலனைக் குழுவுக்கு.

அவர் காயம்பட்டது ஃப்ராங்க்ளினில், 1864 நவம்பர் 30 மாலை. நாஷ்வில்லுக்குத் தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர். மாலை நான்கு மணி அளவில் தொடங்கி இருட்டிய பின்னும் நீண்ட சண்டையில் கான்ஃபெடரேட் படை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. இறந்தும் காயம்பட்டும் சிறைப்பட்டும். ஆறு தளபதிகளின் உயிரும் அந்தச் சண்டையில் போயிற்று. மருத்துவமனையாக மாறிய கார்ன்டன் மாளிகையின் மரத்தரையில் இரத்தக் கறை இன்றும் தெரிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

வைத்தியரின் சான்று பதினோரு வரி. வலது மேற்கையின் நடுப்பகுதியில் மினியே குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. கையை வெட்டவில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. மணிக்கட்டு தொங்குகிறது, நிமிர்த்த முடியவில்லை, விரல்களை நீட்ட முடியவில்லை. அடுத்த வரியைப் படித்தபோது திரையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்: 1871 வரை புண் ஆறாமல் எலும்புச் சில்லுகள் வெளியே வந்துகொண்டிருந்தன.

முதியவருக்கு விளக்கினேன். மேற்கை எலும்பின் முதுகை ஒட்டி ரேடியல் நரம்பு சுற்றிக்கொண்டு போகிறது. மினியே குண்டு அரை அங்குலத்துக்கும் சற்றுப் பருமனான, மென்மையான ஈயம். எலும்பில் பட்டால் நசுங்கிப் பரந்து எலும்பைச் சிதறடிக்கும். நரம்பு போனால் மணிக்கட்டு தொங்கும். தொங்கிய மணிக்கட்டால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. உங்கள் மணிக்கட்டைக் கீழே மடித்துக்கொண்டு ஒரு பேனாவை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஏரின் மேழியை அந்தக் கையால் பிடிக்கவே முடியாது. இன்று எனக்கு வருகிற இப்படிப்பட்ட நோயாளிக்கு மணிக்கட்டைத் தாங்கும் கட்டு ஒன்றைச் சூடாக்கி வளைத்துச் செய்து கொடுக்கிறேன்; முக்கால் மணி நேர வேலை. இந்த மனிதருக்கு வாழ்நாளில் அது கிடைக்கவில்லை. அதே போரில் பிலடெல்பியாவின் யூனியன் மருத்துவமனை ஒன்றில் வைர் மிட்செல் என்ற வைத்தியர் நரம்புக் காயங்களைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தார். குண்டடிபட்ட நரம்பில் நெருப்பாய் எரியும் வலிக்கு அவர் வைத்த பெயரை நாங்கள் கல்லூரியில் படித்தோம். அந்த அறிவு டென்னசியின் கிராமத்து வைத்தியரை எட்டியதா என்பதற்குச் சான்றில் தடயம் இல்லை. "உடலுழைப்புக்கு முற்றிலும் தகுதியற்றவர்" என்று முடித்திருந்தார். அது சரியான தீர்ப்பு. நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அப்படியிருந்தும் மனு ஏன் நின்றது? விசுவாசப் பிரமாணக் கேள்வியில். "எடுத்தேன், கேம்ப் சேஸில்" என்று மட்டும் பதில். அது யூனியன் தரப்பின் சிறை முகாம். தேதி இல்லை. போர் முடிவதற்கு முன்பே பிரமாணம் எடுத்தவர் என்றால் தன் படையைக் கைவிட்டவர் என்று பொருள். போதாக்குறைக்கு, உடனிருந்து பார்த்த சாட்சியும் இல்லை.

அந்த நான்கு தாள்களில் இல்லாத இருபத்தேழு பக்கங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 1899இல் மறுபடி எழுதுகிறார். வாஷிங்டன் போர்த்துறையின் பதிவு மற்றும் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய பதில் ஒன்று: 1864 டிசம்பர் 17 அன்று ஃப்ராங்க்ளினில் காயத்துடன் பிடிபட்டார், ஒஹாயோவின் கேம்ப் சேஸ் சிறை முகாமில் இருந்தார், 1865 ஜூனில் பிரமாணம் எடுத்து விடுவிக்கப்பட்டார். தோற்ற படையின் பதிவேடுகளை வென்ற அரசு கைப்பற்றிப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்த வரி கிடைத்தது. டெக்சாஸுக்குப் போய்விட்ட பழைய தோழர் ஒருவர் அங்குள்ள கவுண்டி எழுத்தர் முன் கொடுத்த வாக்குமூலமும் இருக்கிறது. அவன் விழுந்ததைப் பார்த்தேன், எனக்கு இடப்பக்கம் நின்றவன் என்கிறார்.

இருபத்திரண்டாவது பக்கத்தில் அவரே எழுதிய கடிதம். மனுவில் அவர் பெயருக்கு நடுவே பெருக்கல் குறிதான் இருந்தது. "அவர் இட்ட குறி" என்று எழுத்தர் எழுதியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுதான் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகச் சொல்லிவந்தார்களாம். கடிதத்தின் எழுத்துகள் இடப்பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழுத்தி அழுத்தி எழுதப்பட்டிருந்தன. வரி முடியும் இடமெல்லாம் மை தேய்ந்திருந்தது. எழுதுகிற கையே ஈர மையின் மேல் நகர்ந்தால் அப்படித்தான் ஆகும். வலக்கை போன பின் இடக்கையில் எழுதப் பழகுகிறவர்களின் எழுத்தை நான் வாராவாரம் பார்க்கிறேன். இது அதேதான். போர் முடிந்துவிட்டது, வீட்டுக்கு வர வேறு வழியில்லை, அதனால் பிரமாணம் எடுத்தேன் என்று மூன்று வரியில் சொல்லிவிட்டு, கீழே முழுப் பெயரையும் எழுதியிருந்தார். முதியவரிடம் அதைக் காட்டினேன். கட்டுப் போட்ட கையைத் திரையருகே கொண்டுபோய் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படை போரிட்டது அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிறந்த ஓர் அரசுக்காக. இந்த மனிதரின் வலிக்காக மனம் இரங்குகிறது. அந்த உண்மை அதனால் சிறிதும் குறையவில்லை. அதனால் அன்று மாலையே சி வரிசையிலிருந்தும் இரண்டு கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். எசமானர்களோடு படைக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், காயம்பட்டவரைச் சுமந்தவர்கள். அவர்களுக்கு டென்னசி கதவைத் திறந்தது 1921இல். சிப்பாய்களுக்குத் திறந்து முப்பது ஆண்டுகள் கழித்து. அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? எஸ் வரிசையைப் படிக்கப் போகிறவர்கள் சி வரிசையிலும் ஒன்றாவது படித்துவிட்டு வாருங்கள். யூனியன் படையில் சேர்ந்த டென்னசிக் கறுப்பின வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நேரில் வர முடியாதவர்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் டென்னசியின் இந்தக் கோப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனாலும் முடிந்தால் நேரில் போங்கள். 1914இலும் பிறகு 1920களின் தொடக்கத்திலும் உயிரோடிருந்த இரு தரப்பு வீரர்களிடமும் டென்னசியில் கேட்டு வாங்கிய வினாத்தாள்கள் இங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 1,650 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அடிமைகள் வைத்திருந்தீர்களா, உடலுழைப்பை ஊரில் மதித்தார்களா என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. ஓய்வூதிய மனுவில் சொல்லாததை அங்கே சொன்னவர்கள் பலர்.

காப்பகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. கோப்பு எண்ணைச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, உறை உட்பட, எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் பட்டியலில் மறுபடி தேடிப் பார்த்துவிட்டு, கொள்ளுப்பாட்டியும் மனுக் கொடுத்திருக்கிறார் என்று டபிள்யூ எண் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தார். முதியவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம்.