வகுப்பில் நிலைத்த இலவச இணையக் கருவிகள்: பினாங்குத் தமிழாசிரியையின் அனுபவம்

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை தமிழ்மொழி கற்பிக்கிறேன். 2022இல் படிவம் 3 மாணவர்களுக்கான பிடி3 தேர்வு ஒழிக்கப்பட்ட பிறகு, வகுப்பில் செயல்திட்டங்களுக்கு நிதானமாக நேரம் ஒதுக்க முடிகிறது. செலவின்றிக் கிடைக்கும் இணையக் கருவிகளை மாணவர்கள் கையில் கொடுத்துப் பல பள்ளி ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒரு கருவியின் பளபளப்பு முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. தமிழ் எழுத்தை அது குலைக்காமல் காட்டுகிறதா? பிள்ளை செய்ததை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள விடுகிறதா? ஆண்டு முடிவில் இந்த இரண்டு கேள்விகள்தான் நிற்கின்றன. புதிய கருவி எதைக் கண்டாலும் இவற்றைக் கேட்ட பிறகே வகுப்புக்குள் கொண்டுவருகிறேன்.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். ‘கொ’ என்று தட்டும்போது கணினி ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் அந்தக் குறி பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் போய் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், புள்ளி தனியே மிதக்கும். சொற்களைக் குவித்துப் படமாக்கும் சொல்மேகக் கருவிகள் சில இதில் மிக மோசம். மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் சொல்லின் எல்லை என்று எண்ணி ‘பள்ளிக்கூடம்’ என்பதைத் துண்டு துண்டாக வெட்டிப்போடுகின்றன. படிவம் 1 மாணவி ஒருத்தி ஆசையாகத் தொகுத்த ஊர்ப்பெயர்கள் அப்படிச் சிதறிக் கிடந்ததைக் கண்டு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அன்றிலிருந்து ‘கொய்யா, வௌவால், தூண்டில், ஸ்ரீ’ என்ற நான்கு சொற்களை எந்தக் கருவியிலும் முதலில் இட்டுப் பார்க்கிறேன். திரையில் மட்டுமல்ல, பதிவிறக்கிய கோப்பிலும் பார்க்க வேண்டும். திரையில் அழகாக இருந்து பிடிஎஃப் கோப்பில் குலைவது உண்டு.

சுவரொட்டி, சிற்றிதழ், நூல் அட்டை போன்றவற்றுக்கு என் வகுப்பில் நிலைத்தது கேன்வா என்னும் வடிவமைப்புக் கருவி. பள்ளிகளுக்கான பதிப்பை ஆசிரியர்களும் மாணவர்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மாணவர்களுக்கு நான் விடாமல் சொல்வது, தமிழுக்கென வரைந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. கட்டமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு மட்டும் வரைந்த எழுத்துருவில் தமிழைத் தட்டினால் கருவி வேறோர் எழுத்துருவைத் தானாக இட்டு நிரப்பும். தலைப்பில் ஆங்கிலம் தடித்தும் தமிழ் மெலிந்தும் நிற்பது அதனால்தான். நம் எழுத்து இரண்டாம் தரமாகத் தெரியும் சுவரொட்டியைப் பிள்ளைகள் பார்த்துப் பழகக் கூடாது.

தட்டச்சுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் கையால் அழகாக எழுதுவார்கள், விசைப்பலகையில் தயங்குவார்கள். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை 1985இலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர் என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அமைப்பை விரும்புவோருக்குக் கற்றுத் தருகிறேன். மற்றவர்கள் ஒலியை ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையிலேயே போகட்டும். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதபோது உலாவியிலேயே இயங்கும் கூகுள் உள்ளீட்டுக் கருவி கைகொடுக்கிறது.

இரண்டாவது கேள்வி கசப்பானது. இலவசமாகக் கிடைப்பது எந்த நாளும் மூடப்படலாம். மெய்நிகர் சுற்றுலா உருவாக்க உதவிய கூகுளின் டூர் கிரியேட்டர் 2021 ஜூன் இறுதியில் நிறுத்தப்பட்டது. காணொளியில் பேசிப் பதியும் ஃபிளிப், தனித்தளமாக இயங்குவதை 2024 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு, பலர் சேர்ந்து எழுதும் கூகுளின் இணைய வெண்பலகையான ஜேம்போர்டும் போயிற்று. கூச்சத்தால் வகுப்பில் வாயே திறக்காத பையன் காணொளியில் மடமடவென்று பேசியிருப்பான். தளம் மூடும்போது அந்தப் பேச்சும் சேர்ந்து மறைந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

இதற்கு மாறாக ஸ்கிராட்ச் நடந்துகொண்ட விதத்தை நான் மதிக்கிறேன். கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகளே அசைபடமும் விளையாட்டும் செய்ய, 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து வெளிவந்த கருவி அது. அதன் இரண்டாம் பதிப்பு ஃபிளாஷ் நுட்பத்தில் இயங்கியது. ஃபிளாஷ் 2020 இறுதியில் முடிவுக்கு வருமென அறிவிக்கப்பட்டிருந்ததால், 2019 ஜனவரியிலேயே ஃபிளாஷ் இல்லாத மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். திட்டத்தை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி, இணையமே இல்லாத கணினியிலும் திறக்கலாம். பாத்திரங்களின் பேச்சுக் குமிழியில் தமிழைத் தட்டலாம், குரலையும் பதியலாம். நாட்டார் கதைகளை உரையாடலாக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. நரி பேசுவதற்கும் காகம் பதில் சொல்வதற்கும் எத்தனை விநாடி இடைவெளி வேண்டும் என்று கணக்கிடும்போதே பிள்ளைகள் உரையாடலைச் சுருக்கக் கற்றுவிடுகிறார்கள். கட்டுரையில் நான் சிவப்பு மையால் அடித்துத் திருத்தும் நீட்டல்களை இங்கே அவர்களே வெட்டுகிறார்கள்.

ஆனாலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது டைம்லைன்ஜேஎஸ். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேப் செய்தியாளர்களுக்காக உருவாக்கிய காலக்கோட்டுக் கருவி இது. கூகுள் விரிதாளில் ஆண்டு, தலைப்பு, விளக்கம், படத்தின் முகவரி ஆகியவற்றை நிரப்பினால் அது காலக்கோடாக விரிகிறது. தகவல் நம் விரிதாளிலேயே இருப்பதால் நாளை கருவி போனாலும் உழைப்பு போகாது. படத்துக்கு உரியவர் யார் என்று எழுத விரிதாளில் தனி நெடுவரிசையே உண்டு. விக்கிமீடியா காமன்ஸில் படம் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் அங்கே எழுத வைத்தேன். பதிப்புரிமை பற்றி எத்தனை முறை பேசியும் ஏறாதது, அந்த வெற்றுக் கட்டம் கண்ணில் பட்டதும் ஏறியது. இருபது பக்கங்களைத் தாண்ட வேண்டாம் என்று உருவாக்கியவர்களே அறிவுறுத்துகிறார்கள். எதை விடுவது என்று குழுவுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் உண்மையான வரலாற்றுப் பாடம்.

‘நம் குடும்பம் கடல் கடந்த வழி’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குடும்பக் கதையைப் பினாங்கின் வரலாற்றோடு ஒரே கோட்டில் வைக்க வேண்டும். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது, 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இல் லெபோ குயின் மகாமாரியம்மன் கோயில், 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது எனப் பொதுச் செய்திகள் முதலில் நிரம்பின. அப்புறம் வீட்டிலிருந்து வந்தவை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய கொள்ளுத்தாத்தாக்கள் பலர் வீட்டில் இருந்தார்கள். அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதன்பின் வந்த சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போய்வந்த நினைவை ஒரு பாட்டி, தளத்தில் பாய் விரித்துப் படுத்தது முதல் விவரமாகச் சொல்லியிருந்தார்.

எல்லாருடைய வரிகளையும் ஒரே விரிதாளில் சேர்த்ததும் 1985ஆம் ஆண்டில் செய்திகள் அடுத்தடுத்து நின்றன. அந்தப் பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து அதன் பயணம் முடிவுக்கு வந்தது. செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. “டீச்சர், ஒரு வழி அடைபட்ட ஆண்டே இன்னொரு வழி திறந்திருக்கிறது” என்றாள் ஒரு மாணவி. பாடநூல் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்ததில்லை, நானும் வைத்துப் பார்த்ததில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொன்னதைக் கேட்டபோது, இந்த உழைப்புக்கு வேறு நியாயம் தேவையில்லை என்று தோன்றியது.

அதே ஊர்களைக் கூகுள் மை மேப்ஸில் புள்ளிகளாகக் குறித்தார்கள். பத்து அடுக்குகள்வரை வைக்கலாம் என்பதால் குழுவுக்கு ஓர் அடுக்கு. வரைபடத்தைக் கேஎம்எல் என்னும் வரைபடத் தகவல் கோப்பாக எடுத்துக் கூகுள் எர்த்திலும் திறக்கலாம்.

கணக்கே தேவைப்படாத ஒன்றும் உண்டு. குரோம் மியூசிக் லேப் தளத்தின் சாங் மேக்கரில் கட்டங்களைத் தொட்டால் மெட்டு உருவாகும். அமைப்பில் ஐந்து சுரம் என்பதைத் தேர்ந்தால் வருவது ச ரி க ப த, அதாவது மோகன ராகத்தின் சுரங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் காதுக்கு இதமாகவே இருக்கும். செய்யுள் வரிகளை மனனம் செய்ய முணுமுணுக்கும் மாணவர்கள் இதில் மெட்டமைத்த பிறகு சீர் பிரித்துப் பாடினார்கள். எங்கே நெடில் நீள்கிறது என்பது அடுத்த சுரம்வரை விடும் கட்டங்களின் எண்ணிக்கையில் கண்ணுக்கே தெரிகிறது. ஒலிக்கோப்பாகப் பதிவிறக்கவும் முடியும்.

கணக்கு தேவைப்படும் இடங்களில் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலான தளங்கள் 13 வயது நிரம்பியவர்களையே ஏற்கின்றன. படிவம் 1 பிள்ளைகள் பலர் பிறந்தநாள் வரும்வரை 12 வயதினர். அதனால் சொந்த மின்னஞ்சலில் பதிவதை நான் அனுமதிப்பதில்லை. கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தின் மாணவர் கணக்கு வழியாகவே நுழையச் சொல்கிறேன். முகம் தெரியும் படமோ வீட்டு முகவரியோ பொதுவெளியில் போகும் எதிலும் இருக்கக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவால் வரைந்த படங்களும் இப்போது வருகின்றன. அவற்றில் தமிழ்போலத் தோன்றும், ஆனால் வாசிக்க முடியாத கீறல்கள் பல முறை இருந்தன. படம் வேண்டுமானால் இருக்கட்டும், எழுத்தைப் பிள்ளையே தட்ட வேண்டும் என்பது என் வகுப்பு விதி.

தவணை முடிவில் ஒரு பாட வேளையைச் சேமிப்புக்கென்றே வைத்திருக்கிறேன். ஸ்கிராட்ச் கோப்பு, மெட்டின் ஒலிக்கோப்பு, கேஎம்எல், விரிதாள், சுவரொட்டியின் பிடிஎஃப் எல்லாம் மாணவர் பெயரிட்ட அடைவில் போய், பென்டிரைவில் வீட்டுக்குச் செல்கின்றன. புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு ஒரே ஒரு பாட வேளைதான் இருக்கிறதென்றால் சாங் மேக்கரில் தொடங்கச் சொல்வேன். ஒரு மாதம் கிடைத்தால் காலக்கோடு. அதற்கு முன்பாக, வீட்டில் யாரிடம் என்ன கேட்பது என்ற கேள்விப் பட்டியலைத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.